அப்பாவின் சொல்தா படமும் நான் பட்ட பாடும்

அப்பாவின் ராணுவப் படத்தையும் பதக்கங்களையும் ஒரே சட்டத்துக்குள் வைத்து நடுக்கூடத்தில் மாட்ட வேண்டும், நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதற்கு ஏறக்குறைய ஒரு வருஷமும் 900 யூரோவுக்குப் பக்கமும் போயின. பணம் போனதைக்கூட ஒருமாதிரி விழுங்கிவிட்டேன். படத்தின் பின்பக்கத்தில் அப்பா தன் கைப்பட எழுதியிருந்தது போனதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. பிரான்சின் ரீயூனியன் தீவில் குடியேறிய நம் குடும்பங்களிலும், புதுச்சேரி, காரைக்காலில் இருக்கும் சொல்தா (பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்) வீடுகளிலும், இந்த மாதிரி ஒரு தகர டப்பா பீரோவின் அடித்தட்டில் கிடக்கும். அதை வெளியே எடுக்க நினைப்பவர்கள் எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு முன்கூட்டிச் சொல்ல யாரும் இல்லை.

அப்பா காரைக்கால்காரர். 1949இல், இருபது வயதில், பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தார். கொலோனியல் காலாட்படை. இந்தோசீனாவில் (இன்றைய வியட்நாம் பக்கம்) மூன்று வருஷம், அப்புறம் அல்ஜீரியா, பதினைந்து வருஷம் முடித்துக்கொண்டு பான்சியோனோடு, அதாவது ஓய்வூதியத்தோடு, ஊர் திரும்பினார். புதுச்சேரி பிரான்சின் கையைவிட்டுப் போவதற்கான ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தாகி 1962இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த இடைப்பட்ட காலத்தில் எந்த நாட்டுக்காரர் என்று யாராவது கேட்டால், "சம்பளம் கொடுக்கிறவன் நாடு" என்பாராம். அம்மா போன பிறகு எங்களோடு ரீயூனியனின் தலைநகரான சேன் தெனிக்கு வந்துவிட்டார். 2023இல் இங்கேதான் காலமானார். கொம்பத்தான் கார்த், அதாவது போர்வீரர் அட்டை, வைத்திருந்தவர் என்பதால் சவப்பெட்டியின் மேல் மூவர்ணத் துணி போர்த்தினார்கள். அதை அடக்கத்துக்கு முன்பு எடுத்துவிடுவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், போர்வீரர் அட்டை வைத்திருப்பவரின் குடும்பம் கேட்டால் இந்த மரியாதை கிடைக்கும். கேட்காவிட்டால் பல சமயம் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். சேன் தெனியில் முன்னாள் போர்வீரர்களுக்கான தேசிய அலுவலகத்தின் கிளை இருக்கிறது. வீட்டில் வயதானவர் இருக்கும்போதே கார்த் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துவிடுங்கள்.

டப்பாவைத் திறக்க வைத்தது புயல்தான். 2025 பிப்ரவரி 28 காலை கரான்ஸ் புயல் தீவின் வடக்குப் பக்கம் கரையேறியபோது எங்கள் வீட்டு ஜன்னல் ஒன்று பெயர்ந்து உள்ளே விழுந்தது. மழைத் தண்ணீர் பீரோவுக்குள் புகுந்துவிட்டது. தகர டப்பாவுக்குள் அரை விரற்கடை அளவுக்குத் தண்ணீர். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அப்பளக் கட்டு மாதிரி இருந்தன. கரண்டும் இல்லை, குழாயில் தண்ணீரும் இல்லை. என் வீட்டுக்காரர் அவற்றை வெயிலில் காயப் போடலாம் என்றார். நல்லவேளை, சின்னவன் எங்கேயோ படித்திருந்ததால் தடுத்துவிட்டான்.

நனைந்த படங்களைப் பற்றி அன்றைக்குக் கற்றதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒட்டிக்கொண்ட படங்களை அப்படியே காயவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. பட முகத்தில் இருக்கும் ஜெலட்டின் பசையாக மாறி இறுகிவிடும். ஈரமாக இருக்கும்போதே குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் மிதக்கவிட்டால் தானாக வழுக்கிப் பிரியும். இழுக்கக் கூடாது. முகத்தை விரலால் தொடவும் கூடாது, ஈரமான ஜெலட்டினில் கைரேகை பதிந்துவிடும். நாங்கள் குடிக்க வாங்கி வைத்திருந்த பாட்டில் தண்ணீரைத் தட்டில் ஊற்றித்தான் பிரித்தோம். பிரித்ததை முகம் மேல்நோக்க, பழைய வேட்டித் துணியின்மேல், நிழலில் காற்றாடப் போட்டோம். வெயில் ஆகாது, ஹேர் டிரையர் ஆகாது. இரண்டு நாளைக்குள் இதைச் செய்ய முடியாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அப்படி நேரம் இல்லையென்றால் படங்களுக்கு இடையே மெழுகுத்தாள் வைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்துவிட்டு, நிதானமாகப் பிறகு பார்க்கலாம். எங்களுக்குத்தான் கரண்டே இல்லையே. கண்ணாடியோடு ஒட்டிப்போன படம் இருந்தால் அதைப் பிய்க்காமல் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது.

பெரும்பாலான படங்கள் பிழைத்துவிட்டன. அதில் முக்கியமானது சைகோனில் எடுத்த ஸ்டூடியோ படம். அஞ்சலட்டை அளவு. அப்பா தொப்பி போட்டு, மார்பில் ஒரே ஒரு பதக்கத்தோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார். தொப்பியில் கொலோனியல் படையின் நங்கூரச் சின்னம். பின்பக்கம் நீல மையில் பாட்டிக்கு எழுதிய நாலைந்து வரி. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது, பக்கத்து வீட்டு வாத்தியார்தான் படித்துக் காட்டுவாராம். மை கொஞ்சம் பரவியிருந்தாலும் எழுத்து தெரிந்தது. படத்தின் இடது ஓரம் மட்டும் கறைபட்டு, ஒரு மடிப்பு விழுந்திருந்தது.

இந்தோசீனாவில் இறந்தவர்களுக்கு ஜூன் 8ஆம் தேதி தேசிய அஞ்சலி நாள், 2005இலிருந்து கடைப்பிடிக்கிறார்கள். அப்பா ஒவ்வொரு வருஷமும் போவார். அந்த வருஷம் அவருக்குப் பதிலாக நான் படத்தோடு போக வேண்டும் என்று முடிவு செய்தேன். படத்தைச் சரிசெய்து, பெரிதாக்கி, பதக்கங்களோடு சட்டம் போட்டு, கீழே பெயர்த்தகடும் வைத்துத் தருகிறோம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். எந்தக் கடை, எந்தத் தெரு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். மாதிரிக்கு மாட்டி வைத்திருந்தவை பளபளவென்று நன்றாகவே இருந்தன. மொத்தம் 640 யூரோ, அதில் 400 முன்பணம். "மதாம், கவலையே படாதீர்கள், உங்கள் அப்பா நேற்று எடுத்த படம் மாதிரி இருப்பார்" என்றார் கடைக்காரர். அசல் படம், ஐந்து பதக்கங்கள் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். கொடுத்த ரசீதில் "நினைவுச் சட்டம், 1" என்று மட்டும் இருந்தது.

ஜூன் 7ஆம் தேதி சாயங்காலம், கடையை மூடுகிற நேரத்தில்தான் கைக்கு வந்தது. பெரிய சட்டம், பின்னால் நீல வெல்வெட், தங்க நிறத் தகடு. படத்தைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. அப்பா மாதிரியும் இருக்கிறார், அப்பா இல்லை. கன்னம் வழவழவென்று, கண்ணில் ஒரு மினுக்கு. அடக்கிய சிரிப்பு போய், ஏதோ விளம்பரத்தில் வருகிறவர் மாதிரி பல் தெரியாத புன்னகை. மோவாயில் இருந்த வெட்டுக்காயத் தழும்பைக் காணோம். "அதைச் சுத்தம் செய்துவிட்டோம் மதாம்" என்றார் பெருமையாக. மறுநாள் காலை நிகழ்ச்சி. மீதி 240ஐக் கொடுத்துவிட்டு எடுத்து வந்தேன்.

மறுநாள் நினைவுச் சின்னத்தின் முன்னால் கொடிபிடிக்கும் முதியவர்கள் வரிசையாக நின்றார்கள். அஞ்சலி முடிந்ததும் அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து சட்டத்தை உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "உங்கள் அப்பா ஏன் பதக்கத்தை வலது மார்பில் குத்தியிருக்கிறார்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார்: பதக்கம் எப்போதும் இடது மார்பில்தான், ஆகவே படத்தை இடவலம் மாற்றிவிட்டார்கள். சட்டைப் பட்டியும் பெண்கள் சட்டை மாதிரி எதிர்ப்பக்கம் மூடியிருந்தது. அப்புறம் நாடாவைக் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் பூசும்போது மார்பில் இருந்த போர்ச் சிலுவைப் பதக்கத்தின் நாடாவைப் பச்சையாக்கி, சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். அது 1914-18 போருக்கான நாடா. கடல்கடந்த போர்களுக்கான சிலுவைக்கு நடுவில் வெளிர்நீலம், இரு ஓரமும் சிவப்பு. "1914 சண்டைக்கும் போனாரா உங்கள் அப்பா?" என்று சிரித்தார். கேலியாக இல்லை, ஆனாலும் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தொப்பியில் நங்கூரம் இருந்த இடத்தில் நட்சத்திரமும் இல்லாத பூவும் இல்லாத ஏதோ ஒரு மஞ்சள் திட்டு. கடைசியாக, கீழே பொருத்தியிருந்த நிஜப் பதக்கத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "இந்தப் பனையோலை இவருக்குக் கொடுத்ததுதானா?" என்றார்.

அதுதான் எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது. போர்ச் சிலுவையின் நாடாவில் ஒரு சின்ன உலோகத் துண்டு குத்தியிருக்கும். எந்த மட்டத்தில் பாராட்டுக் கிடைத்தது என்பதை அது காட்டும். ரெஜிமென்ட், பிரிகேட் மட்டம் என்றால் வெண்கல நட்சத்திரம், டிவிஷன் என்றால் வெள்ளி நட்சத்திரம், கோர் என்றால் தங்கமுலாம் பூசிய நட்சத்திரம், முழு ராணுவ மட்டத்தில் என்றால் வெண்கலப் பனையோலை. அப்பாவுடையது வெண்கல நட்சத்திரம். சின்ன வயதில் அதைத் தொட்டுத் தொட்டு விளையாடியிருக்கிறேன். கடையில் நட்சத்திரத்தைத் தொலைத்துவிட்டு, "இது இன்னும் கம்பீரமாக இருக்கிறதே" என்று எங்கேயோ வாங்கிய ஓலையைக் குத்தியிருக்கிறார்கள். அப்பா உயிரோடு இருந்திருந்தால் அந்தச் சட்டத்தை அங்கேயே கவிழ்த்து வைத்திருப்பார். தனக்கு இல்லாத ஒரு பட்டையைக்கூடப் போட்டுக்கொள்ளாத மனுஷர். வீட்டுக்கு வந்து நான் அழுதேன். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

மறுநாள் சட்டத்தைத் திருப்பிப் பிரித்தபோதுதான் உண்மையான நஷ்டம் தெரிந்தது. அசல் படத்தையும் உள்ளே ஒரு சின்னச் சாளரம் போல் வைத்திருந்தார்கள். வைத்திருந்தது என்றால், தடித்த அட்டையின்மேல் சூடாக அழுத்தி ஒட்டிவிட்டார்கள். பின்பக்க எழுத்து மொத்தமும் பசைக்குள். பதக்கங்களின் நாடாக்கள் வெல்வெட்டில் சூட்டுப்பசையால் ஒட்டப்பட்டு, பசை நாடாவின் முன்பக்கம்வரை ஊறியிருந்தது. கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் மதாம்?" என்றார். அந்த வாக்கியத்துக்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

காகிதப் பொருள்களைச் செப்பனிடும் பெண் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். சூட்டில் ஒட்டும் படலம் போட்ட படத்தைப் பிரிப்பது பெரும்பாலும் படத்தையே கிழிப்பதில்தான் முடியும் என்று பார்த்ததும் சொன்னார். ஒரு மூலையில் மட்டும் பசை சரியாகப் பிடிக்காமல் இருந்தது. அதை மெல்ல எடுத்துக் காட்டினார். "சைகோன்" என்ற எழுத்தும் அதற்குக் கீழே "அம்மா" என்பதில் பாதியும். அதற்குமேல் போக வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். 120 யூரோ வாங்கினார், அதில் எனக்குக் குறையில்லை. காரைக்காலில் இருக்கும் அண்ணனிடம் போனில் கேட்டபோது முதல் வரி மட்டும் அவருக்கு நினைவிருந்தது: "இங்கே நம் ஊர் செட்டியார் கடையில் நல்லெண்ணெய் கிடைக்கிறது, கவலைப்பட வேண்டாம்." போர்முனையிலிருந்து எழுதிய கடிதத்தில் நல்லெண்ணெய். அதற்கு அடுத்த வரிகள் அவருக்கும் நினைவில்லை.

ஆகவே, அசல் வீட்டைவிட்டு வெளியே போகவே வேண்டியதில்லை. படத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் வீட்டிலேயே ஸ்கேன் செய்துவிடுங்கள். அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 1200 டிபிஐ, பெரிய படத்துக்கு 600 போதும். டிஃப் கோப்பாக வைத்துக்கொண்டால் திரும்பத் திரும்பத் திருத்திச் சேமித்தாலும் தரம் குறையாது. கடைக்காரனுக்குக் கொடுக்க வேண்டியது அந்தக் கோப்பைத்தான். செப்பனிடச் சொல்லும்போது என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதை எழுதிக் கொடுங்கள்: கறை, கீறல், மடிப்பு இவற்றை மட்டும் நீக்க வேண்டும், முகத்தைத் தொடக் கூடாது, நிறம் பூசக் கூடாது, திருப்பக் கூடாது. இப்போது வரும் மென்பொருள்கள் மங்கிய முகத்தைத் தெளிவாக்குவதாகச் சொல்லிக்கொண்டு, இல்லாத முகத்தைத் தானே வரைந்து வைத்துவிடுகின்றன. சின்னமும் பதக்கமும் நாலைந்து புள்ளி அளவுதான் இருக்கும், அவற்றை அது ஊகித்துத்தான் நிரப்பும். அச்சுக்குப் போகுமுன் அசலையும் திருத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பதக்கம் எந்த மார்பில், சட்டை எந்தப் பக்கம் மூடியிருக்கிறது, சின்னத்தின் வடிவம் அப்படியே இருக்கிறதா, இந்த மூன்றையும் பார்த்தாலே பாதி கோளாறு பிடிபட்டுவிடும். பழைய படங்களில் கறுப்புப் பகுதி ஓரங்களில் நீலம் கலந்த பாதரச மினுக்கு தெரிந்தால் பயப்பட வேண்டாம். படத்தில் இருக்கும் வெள்ளி மேலே வருவது அது. துணியால் துடைக்க மட்டும் வேண்டாம்.

பதக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டத்திலிருந்து கழற்றியதும் சித்தி போனில், "புளி போட்டுத் தேய்த்தால் தங்கமாட்டம் மின்னும்" என்று யோசனை சொன்னார். குத்துவிளக்குக்குச் சரி, பதக்கத்துக்கு ஆகாது. வெண்கலத்தின் கருமைதான் அதன் வயது. முலாம் பூசியதாக இருந்தால் புளியோடு முலாமும் போய்விடும். மென்மையான உலர்ந்த துணியால் தூசி தட்டினால் போதும். நாடாவை நனைக்கக் கூடாது, சாயம் ஓடும். சட்டத்தில் பொருத்துவதற்கு ஊசி நூல் போதும்: துணி சுற்றிய பலகையில் நாடாவின் மேல்விளிம்பை நாலு தையல் போட்டு நிறுத்தினால் எப்போது வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். வரிசையும் முக்கியம். பார்ப்பவரின் இடப்பக்கம் உயர்ந்த பதக்கம் வரும். அப்பாவுடையதில் முதலில் கடல்கடந்த போர்ச் சிலுவை, அப்புறம் போர்வீரர் சிலுவை, கொலோனியல் பதக்கம், கடைசியில் இந்தோசீனா, அல்ஜீரியா நினைவுப் பதக்கங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பிரான்சில் பல பதக்கங்களுக்கு அரசு கொடுப்பது சான்றிதழைத்தான். உலோகத்தைக் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதில் பெயரும் இருக்காது. ஆகவே தொலைந்த நட்சத்திரத்தையும் ஊறிப்போன நாடாவையும் புதிதாக வாங்குவது பெரிய காரியமில்லை. நான் அவற்றைப் பிரான்சிலிருந்து தருவித்தேன். பொருளின் விலை சில யூரோதான், தபாலும், தீவுக்குள் வரும் பொருளுக்குப் போடும் ஒக்துருவா தெ மேர் வரியும் சேர்ந்து 50க்கு மேல் ஆகிவிட்டது. இந்தத் தீவில் வாழ்கிறவர்களுக்கு அது புதிதில்லை. பிரான்சிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் அவர்கள் பையில் போட்டு அனுப்பச் சொல்லிவிடுங்கள். ஆனால் சான்றிதழ் தொலைந்தால் அது என்ன பதக்கம், யாருக்கு, எதற்கு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. சில வீடுகளில் பதக்கத்தைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருப்பார்கள், காகிதத்தைக் கரையான் தின்றிருக்கும். அப்பாவின் பதக்கத்தை நாம் மாட்டிக்கொண்டு விழாவுக்குப் போகலாமா என்று என் மகன் கேட்டான். தனக்கு உரிமையில்லாத பதக்கத்தைப் பொது இடத்தில் அணிவது பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம், 15,000 யூரோ வரை அபராதமும் ஒரு வருஷம் வரை சிறையும் உண்டு. பதக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பதே பத்திரம்.

கடைக்காரரோடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வாய்ச் சண்டையில் ஒன்றும் நடக்கவில்லை. பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன், பதில் இல்லை. அப்புறம் சமரச அதிகாரியிடம் போனேன். கொன்சிலியாத்தேர் தெ ஜுஸ்தீஸ் என்று இருக்கிறார், கட்டணம் கிடையாது, மெரியில் (நகராட்சி அலுவலகத்தில்) கேட்டால் எந்த நாளில் உட்கார்கிறார் என்று சொல்வார்கள். 5,000 யூரோவுக்குள் அடங்கும் வழக்கு என்றால் நீதிமன்றம் போவதற்கு முன்பு இப்படி ஒரு சமரச முயற்சி செய்தே ஆக வேண்டும். இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். ரசீதில் "நினைவுச் சட்டம், 1" என்பதைத் தவிர எதுவும் இல்லாததால் அசல் படத்தை ஒட்டக் கூடாது என்று நான் சொன்னதை நிரூபிக்க வழியில்லை. நட்சத்திரம் காணாமல் போனதை மட்டும் கடைக்காரர் மறுக்க முடியவில்லை, கொடுக்குமுன் சின்னவன் பதக்கங்களைப் போனில் படம் எடுத்திருந்தான். 250 யூரோ திரும்ப வந்தது. ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து, ரசீதில் "வெண்கல நட்சத்திரத்தோடு, பின்பக்கக் கையெழுத்தோடு" என்று வரி வரியாக எழுதி வாங்கியிருந்தால் கதை வேறு.

இதற்கு நடுவில், பனையோலைப் பிரச்சினையால் ஒரு நல்லதும் நடந்தது. அந்த முதியவர் போகும்போது, "போவுக்கு எழுதிக் கேள் மகளே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிரான்சின் தென்மேற்கே "போ" என்ற ஊரில் ராணுவத்தில் பணிபுரிந்தவர்களின் தனிக்கோப்புகள் இருக்கும் காப்பகம் இருக்கிறது. பணிக்குறிப்புப் பிரதியைக் குடும்பத்தார் எழுதிக் கேட்கலாம், கட்டணம் இல்லை. பெயர், பிறந்த தேதி, ஊர், ராணுவ எண் தெரிந்தால் அதையும், இறப்புச் சான்றையும் உறவைக் காட்டும் லிவ்ரேயையும் (குடும்பப் பதிவேடு) சேர்த்து அனுப்ப வேண்டும். நம் ஆட்களுக்கு ஒரு சிக்கல்: பெயரை ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். எனக்குத் தெரிந்த எல்லா எழுத்துக்கூட்டலையும் கடிதத்தில் வரிசையாக எழுதிவிட்டேன். புதுச்சேரி, காரைக்காலில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பிறப்புச் சான்று நான்த் நகரத்து அலுவலகத்திலிருந்து வரும். பொறுமை வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். விழாவுக்கு நாள் குறித்துவிட்டு எழுதினால் கைக்கு வராது.

வந்த காகிதத்தில் அப்பா எந்தத் தேதியில் கப்பலேறினார், எங்கே இறங்கினார் என்பதெல்லாம் தட்டச்சில் இருந்தது. பாராட்டுரையும் இருந்தது. 1951இல், வடக்கு வியட்நாமின் தோன்கின் பகுதியில், எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போதே காயம்பட்ட இருவரை வயலிலிருந்து தூக்கி வந்தார் என்று நாலு வரி. இதை அப்பா எங்களிடம் சொன்னதே இல்லை. அந்தச் சிலுவையைப் பற்றிக் கேட்டால், "அன்றைக்கு எல்லோருக்கும் கொடுத்தான், எனக்கும் கொடுத்தான்" என்பார். அல்ஜீரியாவைப் பற்றி அதுகூடச் சொல்ல மாட்டார், பேச்சை மாற்றிவிடுவார். யாருடைய மண்ணில் யாருக்காகச் சண்டை போட்டோம் என்ற கேள்வி அவருக்குள் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். அதனால்தான் தங்கத் தகடும் வெல்வெட்டும் அவருக்குப் பொருந்தவில்லை என்று இப்போது நினைக்கிறேன். வீரத்தை ஊதிப் பெரிதாக்கும் சட்டம் எனக்கு வேண்டாம். அவர் செய்தது என்ன என்று இருக்கும் சட்டம் போதும்.

புதிதாகச் செய்தது இப்படித்தான். அட்டையோடு ஒட்டியிருந்த அசலின் முகத்தை மறுபடி ஸ்கேன் எடுத்து, கறையை மட்டும் நீக்கி, கறுப்பு வெள்ளையாகவே அச்செடுத்தோம். மோவாய்த் தழும்பு இருக்கிறது, நங்கூரம் இருக்கிறது. படத்தைச் சுற்றி அமிலமில்லாத அட்டை. கண்ணாடி படத்தைத் தொடாமல் இடைவெளி விட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி. இந்தக் கடற்கரை ஈரத்தில் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் நாலைந்து வருஷத்தில் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சுவரில் மாட்டவில்லை, மழைக்காலத்தில் அதில் ஈரம் ஊறும். கூடத்துக்கும் அறைக்கும் நடுச்சுவரில், வெயில் படாத இடம். பதக்கங்கள் தையலில் நிற்கின்றன, வெண்கல நட்சத்திரத்தோடு. பெயர்த்தகட்டுக்குப் பதிலாகப் பாராட்டுரையின் நகல், அதற்குக் கீழே அண்ணன் தமிழில் எழுதியனுப்பிய நாலு வரி. மொத்தம் 330 யூரோ. வேறொரு சின்னக் கடையில், நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்து வாங்கியது. அசல் படமும் சான்றிதழ்களும் அமிலமில்லாத உறையில், பீரோவின் மேல்தட்டில்.

இந்தோசீனாவில் எடுத்த ராணுவப் படங்கள் ஏராளமாகப் பாரிசுக்குப் பக்கத்தில் ஃபோர் தீவ்ரியில் இருக்கும் ராணுவப் படக் காப்பகத்தில் இருக்கின்றன. இமாஜ் தெஃபான்ஸ் என்ற அவர்களுடைய தளத்தில் தேடிப் பார்க்கலாம். வீட்டில் ஒரு படமும் இல்லாதவர்கள், பணிக்குறிப்பில் இருக்கும் படைப்பிரிவின் பெயரையும் வருஷத்தையும் வைத்து அங்கே தேடினால், அவர் நின்ற இடத்தையாவது பார்க்கலாம். நான் தேடியதில் அப்பா கிடைக்கவில்லை. ஆனால் தான் ஏறிப் போனதாக அவர் சொன்ன பஸ்த்தேர் கப்பலின் படம் கிடைத்தது, அதையும் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

அண்ணனுக்கும் இதே மாதிரி ஒரு சட்டம் வேண்டுமாம், ஜூலை 14க்குப் புதுச்சேரியில் நடக்கும் அணிவகுப்புக்குப் போகும்போது படத்தை எடுத்துப் போக. அச்சுப்பிரதியும், எழுதிக் கேட்டு வாங்கிய பணிக்குறிப்பின் நகலும், புதிதாக வாங்கிய இன்னொரு செட் நாடாவும் ஒரு பையில் தயாராக இருக்கின்றன. சட்டத்தைக் காரைக்காலிலேயே போடச் சொல்லியிருக்கிறேன். தபாலில் அனுப்பப் போவதில்லை, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கைப்பையில் வைத்து நானே எடுத்துப் போகிறேன்.